ஒரே நாடு, இரண்டு ரியால்: ஏமனைப் பிரித்து வைத்திருக்கும் பணம்

ஏமனின் தலைநகர் சனாவில், கடையொன்றில் 1,000 ரியால் நோட்டை நீட்டினால், கடைக்காரர் அதன் வரிசை எண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கல்லாவில் போடுவார். எண்ணோடு ‘தால்’ என்ற அரபு எழுத்து இருந்தால் நோட்டு கைக்குத் திரும்பி வந்துவிடும். அது, தெற்கே ஏடன் துறைமுக நகரில், உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட அரசின் கையில் இருக்கும் மத்திய வங்கி 2021-ல் புழக்கத்துக்கு விட்ட நோட்டு. சனாவை ஆளும் ஹூதிகள், அதாவது வடக்கு மலைகளிலிருந்து வந்த ஷியா ஆயுத இயக்கத்தார், அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். பார்வைக்குப் பழைய நோட்டும் இதுவும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே அச்சிட்டிருக்கும் பெயரும் ஒன்றே: ஏமன் மத்திய வங்கி. ஒரு எழுத்து வித்தியாசத்தில் ஒருவருடைய அன்றைய கூலி வெறும் காகிதமாகிவிடுகிறது.

ஏமன் போரைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் சவூதிக்கும் ஈரானுக்கும் நடக்கும் போட்டி, ஷியா சன்னி பகை, செங்கடலில் கப்பல்கள் மீது ஏவுகணை என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் 2022 ஏப்ரலில் போர்நிறுத்தம் வந்து பெரிய சண்டைகள் அடங்கிய பிறகும் அந்த நாடு ஏன் ஒட்டவே இல்லை என்று கேட்டால், அந்த விளக்கங்கள் கை கொடுக்காது. சுங்கத்தை யார் வசூலிக்கிறார், நோட்டை யார் அச்சடிக்கிறார், சம்பளத்தை யார் போடுகிறார், அல்லது போடாமல் விடுகிறார் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். துப்பாக்கி போட்ட கோட்டைப் பணம் சுவராக எழுப்பிவிட்டது என்பதுதான் எனக்குப் புரிந்த வரையில் ஏமனின் இன்றைய கதை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். இரண்டு பணம் என்பது அந்த மண்ணுக்குப் புதிதல்ல. வடக்கில் மதத் தலைவர்களே மன்னர்களாக இருந்த இமாம்கள் ஆண்ட காலத்தில் மரியா தெரசா வெள்ளிக் காசுதான் ஓடியது. 1780-ல் இறந்துபோன ஆஸ்திரிய அரசியின் முகம் பொறித்த காசு, ஏமன் மலைக்கிராமங்களில் 1960-கள் வரை கைமாறிக்கொண்டிருந்தது. தெற்கில் ஏடன் துறைமுகத்தை ஆங்கிலேயர் 1839-ல் பிடித்து, 1937 வரை இந்தியாவிலிருந்தே நிர்வகித்தார்கள். அதனால் 1951 வரை ஏடனில் செல்லுபடியானது இந்திய ரூபாய். அப்புறம் கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங் வந்தது, அதற்கும் பின்னால் தினார். 1962-ல் வடக்கில் இமாம் ஆட்சி கவிழ்ந்து குடியரசு பிறந்தது. 1967 நவம்பரில் ஆங்கிலேயர் ஏடனை விட்டுக் கிளம்பினார்கள். அங்கே அரபு உலகின் ஒரே மார்க்சிய அரசு அமைந்தது. சோவியத் உதவி வற்றிய நேரத்தில், 1990 மே 22 அன்று, இரண்டு நாடுகளும் ஒன்றாயின. ஒரு தினாருக்கு 26 ரியால் என்று விலை வைத்து இரண்டு பணத்தையும் சில வருடங்கள் சேர்த்தே ஓடவிட்டார்கள். தினார் முழுக்க விலக்கப்பட்டது 1996-ல்தான்.

அந்த இணைப்பு பிறந்த வருடமே அடி வாங்கியது. 1990 நவம்பரில் ஈராக் மீது படை பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு அவையில் வந்தபோது, எதிர்த்து வாக்களித்த நாடுகள் இரண்டே இரண்டு: கியூபாவும் ஏமனும். அமெரிக்கா உதவியை வெட்டியது. சவூதி அரேபியா அதற்கு முன்பே, செப்டம்பரில், அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான ஏமனியரைத் திருப்பி அனுப்பும்படி விதிகளை மாற்றியது. அந்தச் சில மாதங்களில் ஊர் திரும்பியவர்கள் சுமார் 8 லட்சம் பேர். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் அடுப்பெரிந்த வீடுகளில் ஒரே நாளில் வருமானம் நின்றது.

1994-ல் தெற்கு பிரிந்து போகப் பார்த்தது. இரண்டு மாதச் சண்டையில் தோற்றது. ஜூலை 7 அன்று அதிபர் அலி அப்துல்லா சாலேயின் படைகள் ஏடனுக்குள் நுழைந்தன. அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆறாத புண். தெற்கின் ராணுவ அதிகாரிகளும் அரசு ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். அரசு நிலங்களும் தொழிற்கூடங்களும் வென்றவர்களின் ஆட்கள் கைக்குப் போயின. 2007-ல் ஏடனில் தெருவுக்கு வந்த முதல் கூட்டம் தனிநாடு கேட்கவில்லை. அந்த ஓய்வுபெற்ற அதிகாரிகள் கேட்டது ஓய்வூதியம். அவர்களைச் சுட்டு விரட்டிய பிறகுதான் கோரிக்கை தனிநாடாக வளர்ந்தது. தெற்குப் பிரிவினை இயக்கத்தின் விதை ஒரு சம்பளப் பட்டியல் என்பதை மறந்துவிடக்கூடாது.

சாலே எப்படி 33 வருடம் ஆண்டார் என்பதற்கும் பதில் பணத்தில்தான் இருக்கிறது. 1984-ல் மாரிப் பாலைவனத்தில் எண்ணெய் கிடைத்தது. வளைகுடா அண்டை நாடுகளோடு ஒப்பிட்டால் அது சொற்பம். உச்சமாக 2001-ஐ ஒட்டி நாளொன்றுக்கு 4 லட்சம் பீப்பாய்க்குச் சற்று மேல். ஆனால் ஒரு ஏழை நாட்டின் அரசை நடத்த அது போதுமானதாக இருந்தது. குலத் தலைவர்களுக்கு மாதப்படி, ராணுவப் பட்டியலில் மட்டும் இருந்து நிஜத்தில் இல்லாத வீரர்களின் பெயரில் சம்பளம், எல்லாருக்கும் மலிவு டீசல். அந்த மலிவு டீசலில் பெரும் லாபம் பார்த்தவர்கள், அதைக் கப்பலிலேற்றி வெளியே விற்ற அதிகாரத்துக்கு நெருக்கமானவர்கள். எண்ணெய் குறையக் குறைய, பங்கு போட ஆளுக்கு ஆள் போட்டி வந்தது. 2011 மக்கள் எழுச்சியில் சாலே பதவி இறங்கினார், துணை அதிபர் ஹாதி மேலே வந்தார். கஜானா காலியாகத்தான் அவர் கைக்கு வந்தது.

2014-ல் இரண்டு முடிவுகள் நாட்டைக் கவிழ்த்தன. பிப்ரவரியில், நாட்டை ஆறு பிராந்தியங்களாகப் பிரிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. வடக்கே சாதா மாகாணத்து மலைகளில் 2004 முதல் அரசோடு ஆறு முறை போர் செய்திருந்த ஹூதிகள், வரைபடத்தைப் பார்த்தார்கள். தங்கள் பகுதிக்குக் கடல் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி எண்ணெயும் இல்லை. தெற்கத்தியர்களும் பார்த்தார்கள், தங்கள் பழைய நாடு இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. அப்புறம் ஜூலைக் கடைசியில் எரிபொருள் மானியம் வெட்டப்பட்டது. லிட்டருக்கு 125 ரியாலாக இருந்த பெட்ரோல் 200 ஆனது. 100 ரியாலாக இருந்த டீசல் 195. ஏமனில் டீசல் என்பது வண்டிக்கு மட்டுமான சரக்கல்ல. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது டீசல் பம்பு, அந்தத் தண்ணீரில்தான் தானியமும், ஏமனியர் மெல்லும் போதை இலையான காத்தும் விளையும். ஹூதிகள் விலையுயர்வை எதிர்த்துச் சனாவைச் சுற்றி முகாம் போட்டார்கள். மக்கள் கோபம் நியாயமானது. அதன் மேல் ஏறி வந்தவர்களின் நோக்கம் வேறு. செப்டம்பர் 21 அன்று தலைநகர் அவர்கள் கையில். வாயிலைத் திறந்துவிட்டவர்களில் சாலேயின் விசுவாசப் படைகளும் உண்டு. (மூன்று வருடம் கழித்து, கூட்டணி உடைந்தபோது, அதே ஹூதிகள் சாலேயைக் கொன்றார்கள்.) ஹாதி ஏடனுக்கும், பிறகு ரியாத்துக்கும் தப்பினார். 2015 மார்ச் 26 அன்று சவூதி தலைமையிலான கூட்டணி குண்டு வீசத் தொடங்கியது.

இதற்குப் பிறகு நடந்த ஒரு விஷயம் அதிகம் பேசப்படாதது. எனக்கு இந்த முழுக் கதையிலும் மனதைத் தொடும் பகுதி அதுதான். போர் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை வருடம், ஏமன் மத்திய வங்கி ஒன்றாகவே இருந்தது. கட்டடம் இருந்தது ஹூதிகளின் சனாவில். ஆளுநர் முகமது பின் ஹுமாம் இரு தரப்போடும் பேசிக்கொண்டே, இரு பக்க ஊழியர்களுக்கும் சம்பளம் அனுப்பினார். கோதுமை, அரிசி இறக்குமதி செய்பவர்களுக்கு டாலரும் கொடுத்தார். ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த இரண்டு படைகளின் வீரர்களும் ஒரே வங்கியிலிருந்து சம்பளம் வாங்கினார்கள். விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் உணவில் பெரும்பகுதியை, கோதுமையில் 90 சதவீதத்துக்கு மேல், வெளியிலிருந்து வாங்கும் நாட்டில் அந்த வங்கி இயங்கியதால்தான் கோடிக்கணக்கானவர்களுக்கு ரொட்டி கிடைத்தது.

அந்த ஏற்பாட்டைத் தின்றது வருமான வறட்சி. எண்ணெய் ஏற்றுமதி நின்றது. பல்ஹாஃப் எரிவாயு ஆலை 2015-ல் மூடப்பட்டது. போருக்கு முன் 400 கோடி டாலருக்கு மேலிருந்த அந்நியச் செலாவணி இருப்பு, 2016-ல் 100 கோடி டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. அந்தப் பணம் ஹூதிகளின் போருக்குப் போகிறது என்று சொல்லி, 2016 செப்டம்பரில் ஹாதி, ஆளுநரை நீக்கி, வங்கியின் தலைமையகத்தை ஏடனுக்கு மாற்றுவதாக ஆணையிட்டார். நாடு முழுக்கச் சம்பளம் தருவோம் என்றும் உறுதியளித்தார்கள். சனாவில் இருந்த கட்டடமும் கணக்கேடுகளும் அனுபவமுள்ள ஊழியர்களும் ஹூதிகளிடமே தங்கினார்கள். ஏடனுக்குப் போனது வெளிநாட்டு வங்கிகள் ஏற்கும் முத்திரை மட்டும். நாடு முழுதும் சுமார் 12 லட்சம் அரசு ஊழியர்கள். அவர்களில் ஹூதிப் பகுதிகளில் இருந்த பெரும்பாலோருக்கு அந்த மாதத்தோடு ஒழுங்கான சம்பளம் நின்றது. யுனிசெஃப் கணக்குப்படி, நாட்டின் ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, ஏறத்தாழ 1,70,000 பேருக்கு, அதன் பிறகு முறையான சம்பளம் இல்லை. எப்போதாவது அரைச் சம்பளம் வரும், அவ்வளவுதான். 2016-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, சம்பளம் இல்லாத ஆசிரியர்களிடமே பள்ளிப்படிப்பின் பெரும்பகுதியை முடித்திருக்கிறது. பள்ளியைத் திறந்து வைத்திருந்த அந்த மனிதர்களை நினைத்தால் வணங்கத் தோன்றுகிறது.

ஏடன் அரசு சம்பளம் கொடுக்கக் கண்ட வழி அச்சகம். ரஷ்யாவில் கட்டுக்கட்டாக நோட்டு அடித்து இறக்கினார்கள். 2017 முதல் வந்த புது நோட்டுகள் அளவில் சிறியவை, நிறம் மாறியவை. (தொடக்கத்தில் சொன்ன 2021 நோட்டு மட்டும் பழைய வடிவத்திலேயே வந்தது.) ரியால் சரிந்தது. போருக்கு முன் டாலருக்கு 215 ரியாலாக இருந்த மதிப்பு பாதிக்கு மேல் கரைந்தது. சவூதி 2018-ல் 200 கோடி டாலரை வைப்பாகப் போட்டுக் கொஞ்ச நாள் தாங்கிப் பிடித்தது. 2019 டிசம்பரில் ஹூதிகள் தங்கள் பகுதியில் புது நோட்டு எதுவும் செல்லாது என்று அறிவித்து, மாற்றிக்கொள்ள 30 நாள் கொடுத்தார்கள். அந்த ஒரே அறிவிப்பில் ஏமன் ரியால் இரண்டாகப் பிளந்தது.

பிறகு இரண்டும் வெவ்வேறு திசையில் போயின. சனாவில் பழைய நோட்டு மட்டுமே. புதிதாக அச்சடிக்க முடியாது, இருப்பது குறைவு, நாணய மாற்றுக் கடைகள் மீது கடுமையான பிடி. அதனால் டாலர் 500 முதல் 600 ரியாலுக்குள்ளேயே நின்றது. ஏடனில் 2021 டிசம்பரில் டாலர் 1,700 ரியாலைத் தொட்டது. 2025 ஜூலையில் 2,800-ஐத் தாண்டியது. மத்திய வங்கி நாணய மாற்றுக் கடைகளின் உரிமங்களை ரத்து செய்யத் தொடங்கிய பிறகு ஆகஸ்டில் 1,600 அளவுக்கு மீண்டது.

இது ஒரு வீட்டில் எப்படி விழும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஏடனில் வேலை செய்கிறார், மனைவி மக்கள் சனாவில். 2025 ஜூலையில் அவர் ஊருக்கு 60,000 ரியால் அனுப்ப நினைக்கிறார். பணம் அனுப்பும் கடையில் அதை டாலர் விலையில் பெருக்கி வகுப்பார்கள். ஏடன் விலைக்கு அது 21 டாலர் சொச்சம். சனா விலைக்கு அதைத் திருப்பினால் சுமார் 11,500 ரியால். ஒரே நாட்டுக்குள், ஒரே பெயருள்ள பணத்தை, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அனுப்பியதில் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. ‘இங்கே சம்பாதிக்கிறேன், அங்கே பிச்சை போடுவது மாதிரி போய்ச் சேருகிறது’ என்று யாராவது சொன்னால் அதில் மிகையே இல்லை.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக்கூடாது. சனாவில் டாலர் மலிவு, ஆகவே அங்கே நிர்வாகம் நன்றாக நடக்கிறது என்று ஹூதி ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. நோட்டே இல்லாத ஊரில் நோட்டின் மதிப்பு விழாது, அவ்வளவுதான். சம்பளம் வராத கைக்கு டாலர் 535 என்றால் என்ன, 2,800 என்றால் என்ன? பழைய நோட்டுகள் கிழிந்து, நாடா ஒட்டி, எழுத்து அழிந்து கைமாறிக்கொண்டிருந்தன. 2024 மார்ச்சில் ஹூதிகளின் வங்கி அதைக் காரணம் காட்டி 100 ரியால் நாணயம் ஒன்றைத் தானே வெளியிட்டது. 2025 ஜூலையில் 50 ரியால் நாணயமும் புது 200 ரியால் நோட்டும் வந்தன. அதுவரை அவர்கள் நோட்டைத் தடை செய்பவர்களாக இருந்தார்கள். இப்போது பணம் படைப்பவர்களாகவும் ஆகிவிட்டார்கள்.

சரி, சம்பளம் கொடுக்காத அரசுக்கு வருமானம் எங்கிருந்து? வரி, சுங்கம், தொலைபேசி நிறுவனங்கள், ஸக்காத் என்ற மதக் கொடை, போர் முயற்சிக்கென்று கேட்கும் நன்கொடை. 2020-ல் கொண்டுவந்த விதிகளில் கனிம வளம், மீன் போன்றவற்றில் ஐந்தில் ஒரு பங்கை வரியாக எடுத்து, நபியின் வம்சத்தார் என்று சொல்லப்படும் ஹாஷிமிகளும் பயனடைய வழி செய்தார்கள். ஹூதித் தலைமையே அந்த வம்சம் என்பதால் மற்ற ஏமனியர்கள் இதில் பழைய இமாம் ஆட்சியின் வாசனையை உணர்ந்து கொதித்தார்கள். ஆனாலும் பெரிய ஊற்று செங்கடல் கரையில் உள்ள ஹுதைதா துறைமுகம். மக்கள்தொகையில் பெரும்பான்மை ஹூதிகளின் பகுதியில். அவர்களுக்கான உணவும் எரிபொருளும் பெருமளவு வருவது ஹுதைதா, சலீஃப் துறைமுகங்கள் வழியாக. 2018 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் உடன்பாட்டில், அந்தத் துறைமுக வருமானத்தை மத்திய வங்கியின் ஹுதைதா கிளையில் போட்டு ஊழியர்களுக்குச் சம்பளமாகக் கொடுப்பதாக எழுதினார்கள். காகிதத்தில் அழகான வாசகம். சம்பளம் வரவில்லை.

ஏடனில் இறங்கும் சரக்கு வடக்கே போக வேண்டுமானால் லாரி இரண்டு முறை சுங்கம் கட்டும். துறைமுகத்தில் ஒரு முறை. ஹூதிகளின் எல்லைக்குள் நுழையும் இடத்தில், நாட்டின் நடுவிலே முளைத்த சுங்கச்சாவடியில் இன்னொரு முறை. இடையிடையே உள்ளூர் ஆயுதக் குழுக்களின் தடைகள் வேறு. ஒவ்வொரு தடையிலும் கொடுப்பது கோதுமை மூட்டையின் விலையில் ஏறும். வணிகர்களை ஹுதைதாவுக்கு இழுக்க ஹூதிகள் கையாண்ட வழியும் இதுவே: ஏடன் வழியாக வந்தால் அவ்வளவு செலவு என்று ஆக்கிவிடுவது. 2023-ல் மாரிப்பில் கிடைக்கும் சொந்த நாட்டுச் சமையல் எரிவாயுவை வாங்குவதையும் நிறுத்திவிட்டு, வெளிநாட்டு எரிவாயுவைக் கப்பலில் இறக்கினார்கள். மாரிப் இருப்பது ஏடன் அரசின் கையில். அங்கே ஒரு ரியாலும் போகக்கூடாது.

அரசுத் தரப்புக்கு மிச்சமிருந்த வருமானம் எண்ணெய். 2022 அக்டோபரில் போர்நிறுத்தத்தை நீட்டிக்கும் பேச்சு உடைந்தது. உடைந்த இடம் சம்பளம்: தங்கள் பகுதி ஊழியர்களுக்கும், ராணுவத்தினருக்கும் சேர்த்து, எண்ணெய்ப் பணத்திலிருந்து சம்பளம் தர வேண்டும் என்று ஹூதிகள் கேட்டார்கள். அதே மாதம் கிழக்கு மாகாணமான ஹத்ரமவுத்தின் தப்பா எண்ணெய் முனையத்தில் கப்பல் நின்றிருந்தபோது ஹூதிகளின் ட்ரோன் தாக்கியது. அத்தோடு எண்ணெய் ஏற்றுமதி நின்றது. அரசின் வருமானத்தில் பாதிக்கு மேல் போயிற்று. ஒரு பெரிய படையெடுப்பு சாதிக்க முடியாததைச் சில ட்ரோன்கள் சாதித்தன. ஏடனில் மின்சாரம் ஒரு நாளில் பெரும்பகுதி இல்லாமல் போனது, அந்தக் கடற்கரை வெயிலில். 2025 மே மாதம் பெண்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கி, மின்சாரமும் தண்ணீரும் சம்பளமும் கேட்டார்கள். கொடி எதுவும் முதன்மையாக இல்லை அந்தக் கோரிக்கையில்.

அரசுத் தரப்பு என்று ஒருமையில் சொல்வதே கொஞ்சம் தவறு. 2022 ஏப்ரலில் ஹாதியை விலக்கி, ரஷாத் அல் அலிமி தலைமையில் எட்டுப் பேர் கொண்ட அதிபர் மன்றத்தை ரியாத்தில் அமைத்தார்கள். அன்று அதில் மாரிப் ஆளுநர் இருந்தார், சாலேயின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை தாரிக் இருந்தார், தனித் தெற்கு கேட்ட ஐதரூஸ் அல் சுபைதியும் இருந்தார். பலருக்கும் சொந்தப் படை, சொந்தப் புரவலர். சவூதி ஒரு பக்கம் சம்பளம் கொடுத்தது, ஐக்கிய அரபு அமீரகம் இன்னொரு பக்கம். மாரிப்பில் இருந்த மத்திய வங்கிக் கிளையே நெடுங்காலம் ஏடன் தலைமையகத்தோடு கணக்கை இணைக்காமல் தனியாக ஓடியது என்றால் மற்றதைப் புரிந்துகொள்ளலாம். சுபைதியின் தெற்கு இடைக்கால மன்றம் 2019 ஆகஸ்டில் ஏடனைத் தன் கூட்டாளி அரசிடமிருந்தே பிடித்தது; நவம்பரில் ரியாத் உடன்பாடு போட்டு ஒட்ட வைத்தார்கள். 2025 டிசம்பரில் அதே மன்றத்தின் படைகள் எண்ணெய் இருக்கும் ஹத்ரமவுத்துக்குள் புகுந்தபோது ஒட்டு விட்டது. மாதக் கடைசியில் சவூதி விமானங்கள் முகல்லா துறைமுகத்தில் அமீரகத்துச் சரக்கென்று சொன்னதன் மேல் குண்டு போட்டன. ஹூதிகளுக்கு எதிராகச் சேர்ந்து போருக்கு வந்த இரண்டு நாடுகள் நின்ற நிலை அது.

பணத்தின் பலம் எவ்வளவு என்பதை 2024-ல் ஏடன் மத்திய வங்கியே சோதித்துப் பார்த்தது. ஏப்ரலில், வணிக வங்கிகள் 60 நாளுக்குள் தலைமையகத்தைச் சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு. மே கடைசியில், மாற்றாத ஆறு வங்கிகளோடு யாரும் பரிவர்த்தனை வைக்கக்கூடாது என்ற தடை. பழைய நோட்டுகளை ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு. வெளிநாட்டு வங்கித் தொடர்பு அறுந்தால் சனாவுக்குள் பணமோ இறக்குமதியோ வருவது கஷ்டம். ஹூதிகள் உண்மையாகவே பதறினார்கள் என்பதற்கு அடையாளம், அவர்கள் தலைவர் அப்துல் மலிக் அல் ஹூதி ஜூலையில் பேசிய பேச்சு. அவர் மிரட்டியது ஏடனை அல்ல, சவூதியை: எங்கள் வங்கிக்கு உங்கள் வங்கி, எங்கள் விமான நிலையத்துக்கு உங்கள் விமான நிலையம் என்றார். ஜூலை 23 அன்று ஐ.நா. தூதர் ஹான்ஸ் கிரண்ட்பெர்க், இரு தரப்பும் வங்கி நடவடிக்கைகளைக் கைவிட ஒப்புக்கொண்டதாக அறிவித்தார். சவூதி தன் எல்லையில் அமைதியை விரும்பியது, ஏடன் பின்வாங்கியது. சொந்த நாட்டின் பண விவகாரத்தில் கடைசி வார்த்தை ஏமனியர்களுடையதாக இல்லை என்பது எனக்கு மிகவும் வலித்த இடம்.

2023 டிசம்பரில் அமைதிக்கான ஒரு பாதை வரைபடம் கிட்டத்தட்டத் தயாராக இருந்தது. எல்லா ஊழியர்களுக்கும் சம்பளம், எண்ணெய் ஏற்றுமதி மறுபடி, சாலைகள் திறப்பு என்று அதில் இருந்த முதல் அம்சங்களே பொருளாதாரம் சார்ந்தவை. எங்கே முடிச்சு விழுந்தது என்று எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. அதற்குள் செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்க, அமெரிக்க, இஸ்ரேலிய குண்டுகள் ஹுதைதா மீதும் சனா மீதும் விழ, அந்தக் காகிதம் மேசையிலேயே தங்கிவிட்டது.

பிரிவினையால் எல்லாரும் நஷ்டப்பட்டால் அது எப்போதோ முடிந்திருக்கும். இரண்டு நோட்டுக்கு நடுவே நாணய மாற்றுக் கடைக்காரருக்குப் பிழைப்பு. இரண்டு சுங்கத்துக்கு நடுவே சாவடிக்காரருக்கு. பெரிய இறக்குமதியாளர்கள் இரு பக்கமும் தாக்குப்பிடிக்கிறார்கள். சிறிய வணிகர்கள்தான் ஒழிந்தார்கள். வேலையில்லாத இளைஞனுக்கு மாதா மாதம் ஏதாவது கையில் கிடைக்கும் ஒரே இடம் போர்முனை என்றால், இரு தரப்புத் தளபதிகளுக்கும் ஆள் குறையாது. மறுபக்கம், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீட்டில் 2021 இறுதிவரை இந்தப் போரில் போன உயிர்கள் 3,77,000. அவர்களில் சுமார் 60 சதவீதம் பேரைக் கொன்றது குண்டு அல்ல. பசி, நோய், கெட்ட தண்ணீர், கைக்கெட்டாத மருத்துவமனை.

தைஸ் நகரத்தைப் பார்த்தால் இவை எல்லாமே ஒரே சாலையில் தெரியும். நகரம் அரசுத் தரப்பிடம். கிழக்கு வாசலில் இருக்கும் ஹவ்பான் பகுதி, அதன் தொழிற்சாலைகளோடு, ஹூதிகளிடம். போருக்கு முன் இரண்டுக்கும் இடையே வண்டியில் சில நிமிடங்கள். 2015-ல் சாலை அடைபட்ட பிறகு, மலையைச் சுற்றி, பள்ளத்தாக்குகளின் விளிம்பில், ஐந்து ஆறு மணி நேரம். எதிரே கண்ணுக்குத் தெரியும் வீட்டில் இருக்கும் தாயைப் பார்க்க ஒரு நாள் பயணம். பிரசவ வலியோடு அந்த மலைப்பாதையில் போனவர்கள் உண்டு. 2024 ஜூன் மாதம், ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முன்பு, ஒன்பது வருடம் கழித்து அந்தச் சாலை திறந்தது. கண்ணிவெடி அகற்றிய பாதையில் ஜனங்கள் கால்நடையாகவே ஓடிவந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

இன்று அந்தச் சாலையில் வண்டிகள் போகின்றன, உறவுக்காரர்கள் போய் வருகிறார்கள். ஹவ்பானுக்குள் நுழைந்து ஒரு ரொட்டி வாங்கப் போகிறவர் மட்டும் முதலில் நாணய மாற்றுக் கடையைத் தேடிப் போகிறார். நகரத்தில் அவர் சம்பாதித்த நோட்டு, அந்தச் சில நிமிடப் பயணத்தின் மறுமுனையில் செல்லாது.